எதுத்த கடை அண்ணாச்சி

போன வியாழக்கிழமை ராத்திரி என் மகள் டியூஷன் விட்டு வந்தவள், சாப்பிடக்கூட உட்காராமல் கெமிஸ்ட்ரி நோட்டை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். "எதுக்குட்டி நோட்டப் பூட்டுத?" என்றேன். "காலைல அவ வந்து கேப்பாம்மா. குடுக்கக் கூடாது" என்றாள். அவ என்றால் அடுத்த தெருப் பிள்ளை. ஆறாம் வகுப்பிலிருந்து ரெண்டு பேரும் ஒரே சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். எங்க வீட்டில் அவளுக்கென்று ஒரு டம்ளரே உண்டு.

கொஞ்சம் கொஞ்சமாக விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. வகுப்பு எடுக்கிறவர் சொல்லியிருக்கிறார்: "பக்கத்துல உக்காந்திருக்கிறது உன் ஃப்ரெண்ட் இல்ல. உன் எதிரி. உன் சீட்ட எடுத்துட்டுப் போக வந்திருக்கு." அதோடு விடவில்லை. எல்லாரையும் திரும்பிப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பாளையங்கோட்டையில் நடக்கிற வகுப்புதான், பெயர் எழுதப் போவதில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இப்படிப் பேசியிருந்தால் நான் நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்திருப்பேன், இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எனக்கு டிடிபி வேலை. இருபது வருஷமாக கோயில் கொடை நோட்டீஸ், கபடி போஸ்டர், சடங்கு பத்திரிகை, தேர்தல் துண்டறிக்கை, வக்கீல் ஆபீஸ் பேப்பர் எல்லாம் அடித்துக்கொண்டிருக்கிறேன். 'போட்டி' என்கிற சொல் என் கையில் படாத நாளே கிடையாது. பொங்கலுக்குக் கோலப் போட்டி, கயிறு இழுக்கும் போட்டி. அங்கே அந்தச் சொல்லில் சந்தோஷம்தான் இருக்கும், தெருவே கூடி நிற்கும். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் 'போட்டியின்றித் தேர்வு' வரும், அதோடு 'போட்டி வேட்பாளர்' வரும். கட்சிக்காரரே கட்சிக்கு எதிராக நின்றால் அவர் போட்டி வேட்பாளர். கட்சி ரெண்டாக உடைந்தால் போட்டிக் கூட்டம், போட்டிப் பொதுக்குழு. இங்கே சொல்லின் முகம் கொஞ்சம் மாறிவிடுகிறது. வீட்டுக்குள் வந்தால் ஏட்டிக்குப் போட்டி. 'போட்டியாளர்' என்ற சொல்லை இப்போது எல்லார் வாயிலும் போட்டது டிவிதான். பாட்டு நிகழ்ச்சி, சமையல் நிகழ்ச்சி எதைத் திறந்தாலும் போட்டியாளர்கள். ஆனால் நெல்லை டவுன் ரதவீதியில் எந்தக் கடைக்காரரும் "இவர் என் போட்டியாளர்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. எதுத்த கடைக்காரர் என்பார்கள், நம்ம லைன்ல இருக்கவர் என்பார்கள், கோபம் வந்தால் போட்டிக்குக் கடை போட்டவன் என்பார்கள்.

எதிரி என்கிற சொல் அப்படி இல்லை. அது கோர்ட்டுப் பேப்பரில்தான் எனக்கு அதிகம் வரும். 1-வது எதிரி, 2-வது எதிரி என்று அடிப்பேன். குற்றம் சாட்டப்பட்டவர் என்று அர்த்தம். கபடி போஸ்டரில் முன்னாடியெல்லாம் 'எதிரணி' என்றுதான் மேட்டர் வரும். இப்போது பையன்கள் கொண்டுவருகிற மேட்டரில் 'எதிரிகளே ஓடி ஒளியுங்கள்' என்று இருக்கிறது. அரசியல் நோட்டீஸில்கூட 'மாற்றுக் கட்சியினர்' என்று ஒரு சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. எவ்வளவு பக்குவமான சொல் அது! அவரும் கட்சிதான், நம்முடையதுக்கு மாற்றாக ஒன்று, அவ்வளவுதான். பதினேழு வயசுப் பிள்ளைகளுக்கு அந்த அளவு நாகரிகம்கூடக் கிடைக்கக் கூடாதா?

எனக்கு இந்தச் சொல்லின் மேல் இவ்வளவு கோபம் வரக் காரணம் எங்க அப்பா. அம்பாசமுத்திரம் பஜாரில் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். நேர் எதிரே இன்னொரு பலசரக்குக் கடை. நடுவில் பத்தடி ரோடு. அவர் காலையில் அஞ்சரைக்குக் கடை திறந்தால் அடுத்த வாரம் அப்பா அஞ்சேகாலுக்குத் திறப்பார்கள். முதல் போணி யாருக்கு என்பதில் அவ்வளவு வைராக்கியம். அவர் கடை வாசலில் ஒரு சிலேட்டு தொங்கும், அன்றைய பருப்பு விலை, எண்ணெய் விலை, உடன்குடிக் கருப்பட்டி விலை எல்லாம் சாக்பீஸில் எழுதியிருக்கும். பள்ளிக்கூடம் போகிற வழியில் அதைப் படித்துவிட்டு வந்து அப்பா காதில் சொல்வது என் வேலை. அப்பா உடனே நம்ம கருப்பட்டியில் கிலோவுக்கு எட்டணா குறைப்பார்கள். மத்தியானத்துக்குள் அந்தச் சிலேட்டும் மாறியிருக்கும்.

அதே கடைக்கு அப்பா என்னைப் பையோடும் அனுப்புவார்கள். நம்ம கடையில் துவரம்பருப்பு தீர்ந்துபோய், ஒரு கல்யாண வீட்டுச் சிட்டையும் வந்துவிட்டால், "எதுத்த கடை அண்ணாச்சிகிட்ட அஞ்சு கிலோ கைமாத்தா வாங்கிட்டு வா." அவர் ஒண்ணும் கேட்க மாட்டார். சாக்கு வாயை விரித்து, பருப்பை அள்ளித் தராசில் கொட்டி, முள் நடுவில் நிற்கும்வரை ஒவ்வொரு சிட்டிகையாகப் போடுவார். நான் சின்னப் பிள்ளை, கொசுறு போடுங்க என்பேன். "கைமாத்துக்குக் கொசுறு கிடையாது தாயி, திருப்பிக் குடுக்கையில உங்க அப்பாவுக்குக் கணக்கு இடிக்கும்" என்பார். லோடு வந்ததும் அப்பா அதே அஞ்சு கிலோவை அதே மாதிரி முள் பார்த்து நிறுத்து அனுப்புவார்கள். அங்கே சீனி தீர்ந்தால் இங்கே ஆள் வரும்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் கடையில் ஆள் இருக்கையிலேயே நான் சொன்னேன், "அப்பா, எதிரி கடையில மிளகாவத்தல் விலை ஏறிருச்சு." அப்பா நிறுத்துக்கொண்டிருந்த தராசை அப்படியே கீழே வைத்தார்கள். "ஏட்டி, எதிரின்னா யாருன்னு தெரியுமா ஒனக்கு? நம்ம இல்லாமப் போணும்னு நெனைக்கிறவன். அவரு அவரு பொழப்பப் பாக்காரு, நான் எம் பொழப்பப் பாக்கேன். அண்ணாச்சின்னு சொல்லு." வாங்க வந்தவர்கள் முன்னாலேயே என்னை அண்ணாச்சி என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் மறுபடி தராசைத் தூக்கினார்கள்.

எல்லாக் காலமும் இப்படியே இருந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒரு தடவை யாரோ மனு எழுதிப் போட்டு எங்க கடை முன்னால் இருந்த தகரக் கொட்டகையைப் பிரிக்கச் சொல்லி ஆள் வந்தது. அவர்தான் எழுதியிருப்பார் என்று அப்பாவுக்குச் சந்தேகம். ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த ஆறு மாசமும் எங்க வீட்டில் 'அவரு' போய் 'அவன்' வந்தது. அப்பா வாயிலேயே வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. சரக்கு தீர்ந்தால் கேட்க ஆள் இல்லை, வந்தவர்களைத் திருப்பித்தான் அனுப்பினோம். அங்கேயும் அதே கதை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போய் ஆத்தங்கரையில் குடில் போட்டிருந்தபோது மழையில் எங்க தீப்பெட்டி நமத்துப் போய்விட்டது. அடுப்புப் பத்தவைக்க வழியில்லாமல் அம்மா நின்றார்கள். ரெண்டு குடில் தள்ளி அவர்கள் குடும்பம். அவரே எழுந்து வந்து ஒரு தீப்பெட்டியை அப்பா கையில் வைத்து, "கைமாத்துதான். ஊருக்குப் போய்க் குடுங்க" என்றார். மறுநாளிலிருந்து வீட்டில் மறுபடி 'அவரு'. மனு எழுதியது யார் என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை, அப்பா அதைப் பற்றி அப்புறம் பேசவும் இல்லை.

டைப் அடிக்கிறவள் கண்ணுக்குப் பட்ட ஒன்று. போட்டியாளர், போட்டிக்காரர், எதிரணியினர், எதிர்மனுதாரர். எல்லாவற்றின் கடைசியிலும் ஒரு 'ர்' நிற்கிறது. வழக்கு போட்டு மோதிக்கொள்கிறவருக்குக்கூட அந்த மரியாதை உண்டு. எதிரி என்ற சொல்லில் அதை ஒட்டவே முடியாது. எதிரியார் என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. நாம் மரியாதை கொடுக்க நினைத்தாலும் அந்தச் சொல் இடம் கொடுக்காது.

அதற்காக எதிரி என்ற சொல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வேண்டும். நம்ம மண்ணிலேயே அதற்குப் பொருத்தமான கதை இருக்கிறது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். தூத்துக்குடி அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லா, 1986-ல்தான் தனி மாவட்டம் ஆனது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. அதுவரைக்கும் அது போட்டி, எங்க பஜாரில் சிலேட்டு விலை மாறியது மாதிரி. அப்புறம் வங்காளத்துச் சுதந்திரப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பாலர் ஜெயிலிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடியதைச் சாக்காக வைத்து 1908 மார்ச் 12-ல் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. அவருக்கு நாற்பது வருஷத் தண்டனை, அப்பீலில் குறைந்தது. கோயம்புத்தூர் ஜெயிலில் செக்கு இழுத்தார். கம்பெனி அதோடு போயிற்று. ஒரு மனுஷன் கப்பலே விடக் கூடாது, இருக்கவே கூடாது என்று நினைத்தார்களே, அவர்களுக்குச் சொல்ல வேண்டிய சொல் எதிரி. அதைக் கொண்டுவந்து கெமிஸ்ட்ரி நோட்டு கேட்கிற பிள்ளைக்குச் சூட்டினால், நாளைக்கு உண்மையான எதிரி வந்து நிற்கும்போது அவனைச் சொல்ல நம்மிடம் என்ன சொல் இருக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் 'ரைவல்' என்கிறார்களே, அது லத்தீனிலிருந்து வந்த சொல். ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிறவர் என்பது அதன் பழைய அர்த்தம். அகராதியில் அதைப் பார்த்ததும் எனக்கு எங்க மாமாவின் வயல்தான் ஞாபகம் வந்தது. நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனம். தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் வருஷா வருஷம் வாய்ச்சண்டை நடக்கும். கார் சாகுபடி நேரத்தில் ராத்திரி டார்ச் லைட்டோடு மடைக்குக் காவல் போவார்கள். ஆனால் வாய்க்கால் தூர்வார வேண்டுமென்றால் அதே ஆட்கள்தான் ஒன்றாக இறங்குவார்கள், இறங்காவிட்டால் ரெண்டு பேருக்கும் தண்ணீர் வராது. நம்ம 'பங்காளி'யும் அப்படிப்பட்ட சொல்தானே. பங்கு உள்ளவர் என்று அர்த்தம். பங்காளிச் சண்டை என்கிறோம், பங்காளிக் காய்ச்சல் என்கிறோம், பொறாமை அவ்வளவு கொதிக்கும். துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், முன்னால் நின்று காரியம் பார்க்கிறதும் அதே பங்காளிதான்.

பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடித்திருப்பார்கள். டிபன் பாக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருத்தர் கேள்வி கேட்க, மற்றவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எல்லாருமே அதே குரூப் 4-தான் எழுதப் போகிறவர்கள். ஒரு பையன் என் கடைக்கு நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்க வந்தான், ஆறு காப்பி கேட்டான். எதுக்குத் தம்பி ஆறு என்றேன். "கூடப் படிக்கிறவங்களுக்கு அக்கா" என்றான். அந்த ஆறு பேரும் அவனுக்குப் போட்டிதான், அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவன் வாயில் வந்த சொல் 'கூடப் படிக்கிறவங்க'.

மகளிடம் எங்க அப்பா கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பிள்ளை வந்து வாசலில் நின்றபோது, நோட்டு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் குறுக்கே பேசவில்லை. பீரோ சாவி இன்னும் அவள் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள்தான் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்த வகுப்பில் பெற்றோர் கூட்டம். போய் எழுந்து நின்று இதைக் கேட்கப் போகிறேன். பாடம் நன்றாக நடத்துகிறார், அதில் எனக்குக் குறை இல்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்பேன். உங்க பிள்ளையும் அங்கே படித்தால், இன்றைக்கு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொன்னார்கள் என்று விசாரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை வர முடிந்தவர்கள் வாருங்கள்.