மூன்று வரியிலும் ஒரே எண்ணா? ஜூனியர் ஐஸ் டான்ஸ் நடுவர்களிடம் ஒரு வேண்டுகோள்

ஜூனியர் ஐஸ் டான்ஸ் போட்டிகளின் விவர மதிப்பெண் தாளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே இடத்தில்தான் கோபம் வருகிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே மூன்று வரிகள் இருக்கும்: கம்போசிஷன், பிரசன்டேஷன், ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ். ஒரு நடுவரின் எண்களை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். 6.75, 6.75, 6.75. பக்கத்து நடுவர் 7.00, 7.00, 6.75. அவருக்கு அடுத்தவர் 6.50, 6.75, 6.50. பெரும்பாலான ஜோடிகளுக்கு இப்படித்தான் இருக்கிறது. மூன்று தனித்தனிக் கேள்விகளுக்கு ஒரே பதில். கணக்கு, மொழி, அறிவியல் மூன்றுக்கும் எல்லா மாணவர்களுக்கும் ஒரே மதிப்பெண் போட்ட அட்டையை ஒரு பள்ளி அனுப்பினால் பெற்றோர் சும்மா இருப்பார்களா?

இந்த விளையாட்டைப் பின்தொடராத நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பனியில் ஜோடியாகச் சறுக்கும் போட்டி இரண்டு வகை. பெண்ணைத் தூக்கி எறிவது, பெரிய தாவல்கள் எல்லாம் 'பேர்ஸ்' வகையில். ஐஸ் டான்ஸில் அவை கிடையாது. பிளேடின் விளிம்பில், அதாவது எட்ஜில், எவ்வளவு ஆழமாகச் சாய்ந்து போகிறார்கள், இருவரும் எவ்வளவு நெருக்கமாக, இசையோடு ஒட்டிப் போகிறார்கள் என்பதுதான் விஷயம். ஜூனியர் என்றால் குறைந்தது 13 வயது முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் இரண்டு நடனம் ஆட வேண்டும்: ரிதம் டான்ஸ் 2 நிமிடம் 50 நொடி, ஃப்ரீ டான்ஸ் 3 நிமிடம் 30 நொடி, இரண்டிலும் 10 நொடி முன்பின் இருக்கலாம். நடுவர்கள் 9 பேர் வரை. அவர்களைத் தவிர மூன்று பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு ஒன்று தனியாக இருக்கும். அந்தக் குழுதான் லிஃப்ட், ட்விசில் போன்ற ஒவ்வொரு அம்சத்துக்கும் அதன் கடினத்தைக் காட்டும் லெவல் கொடுக்கும். அந்த அம்சம் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டது என்பதற்கு நடுவர்கள் -5 முதல் +5 வரை போடுவார்கள். பிறகு மேலே சொன்ன மூன்று வரிகள், ஒவ்வொன்றுக்கும் 10 வரை. அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி.

தொழில்நுட்பக் குழுவின் மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. அவர்கள் கறாரானவர்கள், ஜூனியர்களிடம் இன்னும் கறார். ஆனால் காரணத்தோடு கறார். ட்விசில் என்பது ஒற்றைக் காலில் சுழன்றபடியே நகரும் திருப்பம். அதில் 2018-19 சீசனிலிருந்து பெண்ணுக்குத் தனி லெவல், ஆணுக்குத் தனி லெவல். பெண் 4, ஆண் 2 என்று தாளில் வந்தால் மறுநாள் பயிற்சியில் யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது கோச்சுக்கு உடனே தெரிந்துவிடும். பேட்டர்ன் டான்ஸும் அப்படித்தான். எல்லா ஜோடியும் அதே காலடிகளை அதே வரிசையில் போட வேண்டும். 2018-19இல் ஜூனியர்களுக்கு அர்ஜென்டைன் டேங்கோ, அடுத்த சீசனில் டீ-டைம் ஃபாக்ஸ்ட்ராட். குறிப்பிட்ட சில காலடிகளை முக்கியப் புள்ளிகளாக வைத்து, எட்ஜ் சுத்தமா இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஒரு லிஃப்ட் அனுமதித்த நேரத்தைத் தாண்டினால் 1 புள்ளி போச்சு. வலிக்கும்தான், ஆனால் யாரும் வாதாட முடியாது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நேர்மையான பாடம் வேண்டியதில்லை.

அப்புறம் அந்த மூன்று வரிகளுக்கு வருவோம்.

2021-22 சீசன் வரை இவை ஐந்தாக இருந்தன. சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் அவற்றை மூன்றாகச் சுருக்கியது. அந்த முடிவை நான் மனதார வரவேற்றேன். ஐந்து என்றால் வேறுபடுத்துவது கடினம், மூன்று என்றால் நடுவர்கள் நிதானமாக யோசித்துப் போடுவார்கள் என்று நம்பினேன். ஏனென்றால் மூன்றும் கேட்பவை உண்மையிலேயே வேறு வேறு. கம்போசிஷன் என்பது நடனம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது: ஒரு எண்ணம் இருக்கிறதா, அசைவுகள் இசையின் வாக்கியங்களோடு பொருந்துகின்றனவா, பனித்தளம் முழுவதையும் பயன்படுத்துகிறார்களா. இதில் பெரும் பங்கு நடன அமைப்பாளருடையது. பிரசன்டேஷன் என்பது அந்த நடனத்தை இந்த இருவரும் இன்றைக்கு எப்படி ஆடினார்கள் என்பது. ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ் என்பது கால்: எட்ஜ், சமநிலை, சறுக்கல், வேகம், திருப்பங்களின் தெளிவு.

ஜூனியர்களிடம் இந்த மூன்றும் ஒரே அளவில் வளர்ந்திருக்க வாய்ப்பே இல்லை. சீனியரில் பத்து வருடம் சேர்ந்து ஆடிய ஜோடிக்கு மூன்றும் 9.25 என்றால்கூட நம்பலாம். ஜூனியரில் எந்தப் போட்டியை எடுத்தாலும் இரண்டு விதமான ஜோடிகளைப் பார்க்கலாம். முதல் ஜோடிக்குக் கால் அற்புதம். இரண்டு தள்ளலில் தளத்தின் பாதியைக் கடந்துவிடுவார்கள், ஸ்டெப் சீக்வென்ஸில் கைப்பிடி கலையாமல் ஒட்டியே போவார்கள். ஆனால் முகமும் தோளும் உறைந்துபோய் இருக்கும், நடனமும் ஒரு அம்சத்திலிருந்து அடுத்த அம்சத்துக்குப் போகும் வழியாக மட்டுமே இருக்கும். இரண்டாவது ஜோடி முதல் நொடியிலேயே அரங்கத்தைப் பிடித்துவிடுவார்கள். தாளத்தில் ஒரு அணு பிசகாது. ஆனால் எட்ஜ் தட்டை, இரண்டு காலும் பனியில் ஊன்றியிருக்கும் நேரம் அதிகம், இருவருக்கும் நடுவே கைநீட்டும் தூரம். முதல் ஜோடிக்கு 6.25, 5.75, 7.75 போடலாம். இரண்டாவது ஜோடிக்கு 7.00, 7.75, 6.00 போடலாம். தாளில் வருவதோ முதல் ஜோடிக்கு மூன்றும் 6.75, இரண்டாவது ஜோடிக்கு மூன்றும் 7.00. மொத்தத்தில் வித்தியாசம் சின்னதாக இருக்கலாம், இடம்கூட மாறாமல் இருக்கலாம். ஆனால் இரண்டு ஜோடியும் எதைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்?

இடமும் பல நேரம் மாறுகிறது, அதையும் சொல்ல வேண்டும். ஃப்ரீ டான்ஸில் இந்த ஒவ்வொரு வரியையும் 2ஆல் பெருக்குவார்கள். ஒரு ஜோடியை 'இவர்கள் இன்னும் அந்த வரிசைக்கு வரவில்லை' என்று நினைத்து நடுவர்கள் எல்லாரும் மூன்றிலும் அரைப் புள்ளி குறைத்தால் மொத்தத்தில் 3 புள்ளி போய்விடும். ஒரு லிஃப்டில் ஒரு லெவல் குறைந்தால் போகும் புள்ளியைவிட இது அதிகம். லெவல் குறைந்ததற்குக் காரணம் வீடியோவில் இருக்கும். அரைப் புள்ளிக்குக் காரணம் யார் மனதில் இருந்தது?

இது நடுவர்களின் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லவில்லை. இதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. அதிகபட்ச மதிப்பெண் 6.0 என்று இருந்த பழைய 6.0 முறையின் காலத்தில் ஐஸ் டான்ஸ்தான் எல்லாரும் சந்தேகப்பட்ட பிரிவு. போட்டி தொடங்கும்போதே வரிசை முடிவாகிவிடும், யார் தடுமாறினாலும் மாறாது என்று பேசப்பட்டது. 1998 நாகானோ ஒலிம்பிக்கின்போது கனடா நடுவர் ஜீன் சென்ஃப்ட், உக்ரைன் நடுவர் யூரி பால்கோவ் தொலைபேசியில் ஐஸ் டான்ஸ் வரிசை பற்றிப் பேசியதை ஒலிப்பதிவு செய்தார். பால்கோவுக்குத் தடை விதிக்கப்பட்டது. அதே பால்கோவ் 2014 ஒலிம்பிக்கில் மறுபடியும் நடுவராக உட்கார்ந்தார் என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. 2002 சால்ட் லேக் சிட்டியில் பேர்ஸ் பிரிவில் வெடித்த, நடுவர்கள் பேரம் பேசியதாகச் சொல்லப்பட்ட விவகாரத்தில்கூட, பேரத்தின் மறுபக்கம் ஐஸ் டான்ஸ் தங்கம்தான் என்பதே குற்றச்சாட்டு. அதன் பிறகு 2004இல் இப்போதைய புள்ளி முறையை ஏற்றுக்கொண்டார்கள்.

2002 விவகாரத்துக்குப் பிறகு வந்த சீர்திருத்தங்களோடு ஒரு வினோதமும் வந்தது. எந்த நடுவர் எந்த எண்ணைப் போட்டார் என்பதை மறைத்தார்கள். வெளி அழுத்தத்திலிருந்து நடுவரைக் காப்பாற்றவாம். பொருளாதார அறிஞர் எரிக் ஸிட்ஸெவிட்ஸ் எண்களை ஆராய்ந்து பார்த்தபோது, சொந்த நாட்டுப் பாசம் இந்த மறைப்பால் குறையவில்லை, சொல்லப்போனால் சற்றுக் கூடியிருந்தது என்று கண்டார். 2016இல்தான் அந்த மறைப்பை நீக்க யூனியன் வாக்களித்தது. இன்றைக்கு ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர் உண்டு. இது பெரிய வெற்றி என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதோடு கூடவே ஒரு பயமும் உட்கார்ந்திருக்கிறது. குழுவின் சராசரியிலிருந்து ரொம்ப விலகிய மதிப்பெண்கள் மேலிடத்தின் பரிசீலனைக்குப் போகும். பாசத்தையும் பேரத்தையும் பிடிக்க அது தேவைதான். ஆனால் நேர்மையான நடுவரும் அதே வலையில் அஞ்சுகிறார். பிரசன்டேஷனுக்கு 5.75 போடத் தோன்றினாலும், மற்றவர்கள் 6.75 போடுவார்கள் என்று ஊகித்து அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறார். ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் ஊகித்தால் கிடைப்பது ஒன்பது கருத்தல்ல, ஒரே கருத்தின் ஒன்பது நகல்.

வரிசையில் காத்திருக்க வேண்டும் என்ற நினைப்பு எவ்வளவு பொய் என்பதற்கு இந்த விளையாட்டிலேயே சாட்சி இருக்கிறது. காப்ரியேலா பாபடாகிஸ், கியோம் சிசெரோன் ஜோடி 2013 ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார்கள். 2014 சீனியர் உலகப் போட்டியில் 13ஆம் இடம். 2015இல் உலக சாம்பியன்கள். பழைய முறையில் 13இலிருந்து 1க்கு ஒரே வருடத்தில் வருவதை யாரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள். அந்த சீசனில் நடுவர்கள் போன வருட இடத்தைப் பார்க்கவில்லை, கண்முன்னே பனியில் நடந்ததைப் பார்த்தார்கள். சீனியரிலேயே முடிந்தது ஜூனியரில் ஏன் முடியாது? இங்கே ஒரு கோடையில் பையன் அரை அடி வளர்ந்துவிடுவான், ஜோடி பிரியும், புது ஜோடி சேரும். போன சீசனின் இடத்துக்கு இங்கே என்ன மதிப்பு இருக்கிறது?

சரி, நடுவர்களை மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது. ஆட்டங்களைப் பற்றியும் ஒரு வருத்தம் உண்டு. ஜூனியர் ஃப்ரீ டான்ஸில் பாதி, சீனியர்களின் சோகக் காதல் நடனத்தைச் சின்ன உருவத்தில் செய்ததுபோல் இருக்கிறது. மெதுவான பியானோ, நெற்றியைச் சுருக்கிய முகம், பிரிவு, ஏக்கம், கடைசியில் ஒருவர் மடியில் ஒருவர். பதினான்கு வயதுப் பெண்ணின் முகத்தில் விவாகரத்தின் துயரத்தை வரவழைக்கச் சொல்வது நியாயமே இல்லை. அவர்களுக்கு அது வரவும் வராது, வரவும் கூடாது.

ஐஸ் டான்ஸ் என்றாலே காதல்தான் என்ற எண்ணத்தை ஜூனியர்களே உடைத்துக் காட்டியிருக்கிறார்கள். 2022 ஜூனியர் உலக சாம்பியன்கள் அமெரிக்காவின் ஊனா பிரவுன், கேஜ் பிரவுன். அக்கா தம்பியோ அண்ணன் தங்கையோ, உடன்பிறந்தவர்கள். 2023இல் செக் நாட்டின் கதெரினா மிராஸ்கோவா, டேனியல் மிராசெக். அவர்களும் உடன்பிறந்தவர்களே. அடுத்தடுத்து இரண்டு வருடம்! சீனியரிலும் இது புதிதல்ல. பிரான்ஸுக்காக ஆடிய டுஷனே உடன்பிறப்புகள் 1991இல் உலகப் பட்டம் வென்றார்கள், ஷிபுதானி உடன்பிறப்புகள் 2018 ஒலிம்பிக்கில் வெண்கலம். இவர்கள் காதல் கதை சொல்லவே முடியாது என்பதால் வேறு எதையாவது தேடியாக வேண்டும். வேகம், விளையாட்டு, ஒரு கருத்து, இரண்டு உடல்கள் ஒரே தாளத்தில் மூச்சுவிடும் நேர்த்தி. மற்ற ஜோடிகளும் இதைத் தேடட்டுமே.

இங்கேதான் அந்த மூன்று வரிகளின் வலிமை தெரிய வேண்டும். வயதுக்குப் பொருந்தாத, எங்கோ பார்த்த, அம்சங்களுக்கு நடுவே கைகளை வீசி நிரப்பிய நடனத்துக்குக் கம்போசிஷனில் 5.50 விழட்டும். அதே பிள்ளைகளின் கால் நன்றாக இருந்தால் ஸ்கேட்டிங் ஸ்கில்ஸில் 7.50 விழட்டும். கோச்சுக்கும் நடன அமைப்பாளருக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும்: பிள்ளைகளிடம் குறையில்லை, நீங்கள் கொடுத்த நடனத்தில்தான் குறை. மூன்றிலும் 6.50 விழுந்தால் அந்தச் சேதி எங்கேயும் போகாது. திட்டு விழுவது பிள்ளைகளுக்குத்தான்.

நடுவர்களுக்கு நேரமில்லை என்பது நியாயமான பதில். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு அம்சத்துக்கும் எண் போட வேண்டும், சந்தேகம் இருந்தால் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும், முடிந்த கையோடு மூன்று வரிகளையும் நிரப்ப வேண்டும். அதனால்தான் குழுவை இரண்டாகப் பிரிக்கலாம் என்கிறேன். பாதிப் பேர் அம்சங்களை மட்டும் பார்க்கட்டும். மீதிப் பேர் குனிந்து திரையைப் பார்க்காமல், தலை நிமிர்ந்து முழு நடனத்தையும் பார்த்து அந்த மூன்று எண்களை மட்டும் போடட்டும். இதைச் சோதித்துப் பார்க்க, ஜூனியர்களுக்கான சர்வதேசத் தொடர் போட்டியான ஜூனியர் கிராண்ட் ப்ரீயைவிட நல்ல இடம் கிடையாது. ஒலிம்பிக் இடங்கள் அங்கே முடிவாவதில்லை, ஒரே சீசனில் பல போட்டிகள் வருகின்றன.

ஜூனியர் கிராண்ட் ப்ரீ வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், யூடியூபில் நேரலை வரும். ஃப்ரீ டான்ஸில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை காலை மட்டும் பாருங்கள். இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டு நடனத்தின் கட்டமைப்பைப் பாருங்கள். மூன்றாவது தடவை இசையோடு முழுசாகப் பாருங்கள். மூன்று எண்களை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு விவரத் தாளைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இங்கே கமெண்டில் போடுங்கள். எந்த நடுவரோடு ஒத்துப்போகிறீர்கள், எங்கே விலகுகிறீர்கள் என்று பெயர் சொல்லியே பேசலாம்.