சிலந்தி தூங்குவதைப் பார்ப்பதும் வேலைதான்

ஞாயிற்றுக்கிழமை அடையாறு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசியதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வீடியோ எல்லோருக்கும் வந்திருக்கும். "சிலந்தி தூங்குதான்னு பார்க்கிறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்றார். அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் கிண்டல் செய்தது ஜெர்மனியின் டேனியலா ரோஸ்லர் செய்த ஆராய்ச்சி. நச்சுத் தவளைகளையும் ஆராய்ந்தவர் அவர். இரவில் ஒற்றை இழையில் தொங்கும் தாவும் சிலந்திகளைக் கேமரா வைத்துப் பார்த்தார். குஞ்சுகளின் உடல் கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே விழித்திரை அசைவது தெரியும். விட்டுவிட்டு அது அசைகிறது, கூடவே கால்கள் துடித்து மடங்குகின்றன. நாம் கனவு காணும்போது கண் உருளுமே, அதுபோன்ற ஒரு நிலை சிலந்திக்கும் இருக்கலாம் என்று 2022இல் எழுதினார். சிலந்தி கனவு காண்கிறது என்று அடித்துச் சொல்லவில்லை. அந்த நிதானத்தில் பாதியாவது மேடையில் இருந்திருக்கலாம்.

உட்கார்ந்து பார்ப்பதுதான் இந்த வேலை. 1973இல் லோரன்ஸ், டின்பெர்கன், ஃபிரிஷ் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது விலங்குகளின் நடத்தையை இப்படிப் பார்த்ததற்குத்தான். தேனீயின் ஆட்டத்தைப் பார்த்து, அது தீனி இருக்கும் திசையையும் தூரத்தையும் சொல்கிறது என்று கண்டுபிடித்தவர் ஃபிரிஷ்.

என் அக்கா மகள் விலங்கியல் படிக்கிறாள். போன மழையில் வேளச்சேரி வீட்டு கேட் விளக்கடியில் ஒரு தேரை ஈசல்களைத் தின்றுகொண்டிருந்தது. தெருவே கண்டுகொள்ளாமல் தாண்டிப் போன தேரை. இவள் குத்தவைத்து உட்கார்ந்து, "மாமா, முழுங்கும்போது கண்ணு உள்ள போகுது பாருங்க, கண்ணாலயே இரையைத் தள்ளுது" என்றாள். உண்மைதான், ஒவ்வொரு ஈசலுக்கும் இரண்டு கண்ணும் உள்ளே அமுங்கி எழுந்தன. ஞாயிறு அன்று அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "எம்.பி.ஏ. படிச்சிடட்டுமா மாமா?" என்று கேட்டாள்.

பசியில் வாடும் நாட்டுக்கு இது தேவையா என்பீர்கள். வயலில் பூச்சியைத் தின்பது தவளையும் சிலந்தியும்தானே? தவளைக்கால் ஏற்றுமதியை 1987இல் இந்தியா ஏன் தடை செய்தது? தவளை குறைந்தால் பூச்சி பெருகும் என்ற பயமும் ஒரு காரணம்.

வெளிநாட்டுக்காரன் பார்த்துக்கொள்வான் என்பவர்களுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில், வாழ்நாளில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடக்கும் ஊதாத் தவளை இனம் ஒன்றை 2017இல் அறிவித்தார்கள். கோவையில் வேலை பார்த்த ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். நம் மண், நம் ஆள்.

சும்மா தமாஷுக்குச் சொன்னார், இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். முன்வரிசை முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். கணினி படிக்கிற பையனை எந்த மேடையிலாவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா? பூச்சி, தவளை என்றால் மட்டும், அதிலும் படிப்பது பெண் என்றால், யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். சொந்தக்காரர்கள் வருஷக்கணக்கில் அவளைக் கேட்டது போதாதென்று இப்போது மைக்கிலும் கேட்கிறார்கள்.

எம்.எஸ்சி. சேர்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு. நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் இனி என் வீட்டுக்கு வந்து "தவளையை வெச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்பவர்கள் என்னிடம் கேளுங்கள். அவளிடம் கேட்காதீர்கள்.