அதிர்வு என்றாலே புரொப்பெல்லர்தானா?

எஞ்சின் உள்ளேயும், புரொப்பெல்லரைச் சுழற்றும் ‘டிரைவ்’ பகுதி பின்புறம் வெளியேயும் இருப்பது ஸ்டெர்ன்டிரைவ் படகு. ‘ஸ்டெர்ன்டிரைவ் படகு அதிர்ந்தால் புரொப்பெல்லரை மாற்று, வேறெதையும் தொடாதே’ என்றொரு குறிப்பு கைமாறிக்கொண்டே இருக்கிறது. அது பாதிதான் சரி. இதழ் வளைந்த புரொப்பெல்லர் அதிரத்தான் செய்யும். ஆனால் எஞ்சினுக்கும் டிரைவுக்கும் நடுவே யுனிவர்சல் ஜாயிண்ட்டுகளும் (மடங்கினாலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்புகள்) கிம்பல் பேரிங்கும் (அந்தத் தண்டைத் தாங்குவது) இருப்பதை, எழுதியவர் மறந்தேபோய்விட்டார்!

பிரித்தறிவது பெரிய வித்தையில்லை. நியூட்ரலில் புரொப்பெல்லர் சுற்றாது. யுனிவர்சல் ஜாயிண்ட் தண்டு எஞ்சினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டேயிருக்கும். ஆகவே டிரைவை முழுக்க இறக்கி, குளிர்விக்கும் தண்ணீர் போகும்படி வைத்து, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்லத் திருப்புங்கள். திருப்பத் திருப்ப உறுமலோ ‘கடகட’ சத்தமோ கூடினால் சந்தேகம் ஜாயிண்ட், பேரிங் மேல்தான். நியூட்ரலில் சத்தமில்லை, கியர் போட்டு நேராக ஓட்டும்போதே வேகத்தோடு நடுக்கமும் ஏறுகிறது என்றால் புரொப்பெல்லரையும் அதன் தண்டையும் பாருங்கள். கயிறு சுற்றியிருந்தாலும் இப்படி நடுங்கும்.

உறுதிசெய்ய டிரைவைக் கழற்றத்தான் வேண்டும். ஜாயிண்ட்டைக் கையால் மடக்கினால் வழுக்கிக்கொண்டு அசைய வேண்டும். சிக்கிச் சிக்கி நகர்ந்தாலோ, செந்தூள் உதிர்ந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. துரு வந்தது பெரும்பாலும் கிழிந்த ரப்பர் பெல்லோஸ் (ஜாயிண்ட்டில் தண்ணீர் படாமல் மூடும் மடிப்புக் குழாய்) வழியாக. அதை விட்டுவிட்டு ஜாயிண்ட்டை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

டிரைவைத் திரும்பப் பூட்டுமுன் அலைன்மென்ட் பாரை (எஞ்சின் நேர்கோட்டில் இருக்கிறதா எனப் பார்க்கும் கம்பி) கிம்பல் பேரிங் வழியாக எஞ்சினுக்குள் செலுத்திப் பாருங்கள். தடையின்றி நுழையாவிட்டால் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டைச் சரிசெய்தாக வேண்டும். இல்லையேல் புது பேரிங்கும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.