லில்லார்டுக்கு ஈஎம்ஐ உண்டா?

2025 ஜூலை முதல் வாரம், துரைப்பாக்கம். மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத்தை ஒட்டி ஒரு டீக்கடை. மணி நாலரை.

கதிர்: தூக்கிவிட்டார்கள் அண்ணா! நான் அப்போதே சொன்னேன். சம்பளம் அதிகம், வயசும் ஆகிறது, இனி பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கப் போகிறார். அப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பாஸ்கர்: யார் சொன்னது? எச்.ஆரா?

கதிர்: நியூஸிலேயே வந்துவிட்டது.

பாஸ்கர்: நியூஸிலா? எனக்கு ஒரு மெயில்கூட வரவில்லையே! நான் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சுக்கு வந்து முப்பத்தெட்டு நாள்தானப்பா ஆகிறது. அறுபது நாள் டைம் என்றார்கள்.

கதிர்: அடுத்த சீசன் முழுக்க இறங்கவே முடியாதாம். குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. 35 வயசு வேறு ஆகப் போகிறது.

பாஸ்கர்: எனக்கு 45. குதிகாலில் வலி உண்டு, அறுகிற அளவுக்கு இல்லை. இரு இரு, நீ யாரைச் சொல்கிறாய்?

கதிர்: டேமியன் லில்லார்ட், அண்ணா. என்பிஏ. மில்வாக்கி பக்ஸ்.

பாஸ்கர் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தார். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

பாஸ்கர்: பாஸ்கெட்பாலா? சரி, அந்த மனுஷனை எதற்குத் தூக்கினார்கள்?

கதிர்: டீமைப் பலப்படுத்தத்தான். இப்போது மேட்ச் கிடையாது, ஆள் மாற்றுகிற சீசன். பக்ஸின் பெரிய ஸ்டார் நம்ம கியானிஸ், வளையத்துக்கு அடியில் புகுந்து ஆடுகிறவர். அவருக்கு உள்ளே இடம் கிடைக்க வேண்டுமானால், கூட ஆடுகிற உயரமான ஆள் வெளியே நின்று மூன்று பாயிண்ட் போட வேண்டும். அதைச் செய்துகொண்டிருந்த லோபஸ் போய்விட்டார். அதனால் இந்தியானா டீமிலிருந்து மைல்ஸ் டர்னரை எடுக்கிறார்கள். ஆறடி பதினோரு அங்குலம்! ஆனால் டீமின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதே. இவரைத் தூக்கினால்தான் அவருக்கு இடம்.

பாஸ்கர்: தசைநார் எப்போது அறுந்தது?

கதிர்: ஏப்ரலில். பிளேஆஃபில்.

பாஸ்கர்: யாருக்காக ஆடும்போது?

கதிர்: பக்ஸுக்காகத்தான்.

பாஸ்கர்: ம். அவருக்கு ஈஎம்ஐ உண்டா?

கதிர்: அண்ணா, இன்னும் இரண்டு வருஷ ஒப்பந்தம் பாக்கி. 11 கோடி டாலருக்கு மேல்.

பாஸ்கர்: அப்படியென்றால் ஈஎம்ஐயும் பெரிதாகத்தான் இருக்கும். பாவம்.

கதிர்: அதைத்தான் கொடுத்துவிடுவார்களே.

பாஸ்கர்: எதை?

கதிர்: அந்தப் பாக்கிச் சம்பளத்தை. அதற்கு ஒரு விதி உண்டு. பாக்கி எத்தனை வருஷமோ அதை இரண்டு மடங்காக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். இரண்டு வருஷம் என்றால் ஐந்து வருஷத்துக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். வருஷத்துக்கு சுமார் 2.25 கோடி டாலர், 2030 வரைக்கும். ஸ்ட்ரெச் என்பார்கள்.

பாஸ்கர்: மெதுவாகச் சொல். வேலைக்கு வர வேண்டாம், ஐந்து வருஷம் சம்பளம் மட்டும் வரும்?

கதிர்: ஆமாம்.

பாஸ்கர்: நடுவில் வேறு இடத்தில் சேரலாமா?

கதிர்: தாராளமாக.

பாஸ்கர்: இங்கே அதற்குப் பெயர் மூன்லைட்டிங். தெரிந்தால் அதற்கும் தூக்குவார்கள். மில்வாக்கிக்குப் பயோடேட்டா எந்த மெயிலுக்கு அனுப்ப வேண்டும்? எனக்கும் மூன்று பாயிண்ட் வரும்.

பேப்பர் கப்பைக் கசக்கி, நான்கடி தள்ளியிருந்த குப்பைக்கூடையைக் குறிபார்த்து வீசினார். விளிம்பில் பட்டு, அங்கே படுத்திருந்த நாயின் மேல் விழுந்தது. நாய் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது.

கதிர்: அது வேறு, இது வேறு அண்ணா.

பாஸ்கர்: வேறுதான். போன வாரம் எங்கள் ஃப்ளோரில் ஒருவர், பதினேழு வருஷ சர்வீஸ். மூன்றரைக்கு ‘சின்ன மீட்டிங்’ என்று கூப்பிட்டார்கள். நாலு மணிக்கு அவருடைய கார்டுக்குக் கதவு திறக்கவில்லை. நானாகவே விலகுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். சாப்பாட்டு டப்பா சீட்டிலேயே இருந்தது. செக்யூரிட்டிதான் எடுத்துவந்து கொடுத்தார். பாதித் தயிர்சாதம் அப்படியே இருந்தது. அவருக்கு ஈஎம்ஐ உண்டு, எனக்கு நன்றாகத் தெரியும். மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை.

கதிர் பேச்சை மாற்ற நினைத்து, போயும் போயும் டிராஃப்ட்டைப் பிடித்தான்.

கதிர்: பக்ஸுக்கு உண்மையான சிக்கல் அது இல்லை அண்ணா, டிராஃப்ட்தான். புதுப் பையன்களை எடுக்கிறது, நம்ம கேம்பஸ் இன்டர்வியூ மாதிரி. தோற்ற டீம்களுக்கு முதலில் ஆள் எடுக்க வாய்ப்பு அதிகம். ஆனால் 2023இல் லில்லார்டை வாங்கும்போதே 2029 டிராஃப்ட்டின் முதல் சுற்றில் ஆள் எடுக்கிற இடத்தை, அவரை விற்ற போர்ட்லாண்ட் டீமுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பாஸ்கர்: 2029இல் வேலைக்குச் சேரப் போகிற பையனுக்கு இப்போது என்ன வயசு இருக்கும்?

கதிர்: பதினைந்து இருக்கலாம்.

பாஸ்கர்: பத்தாவதுகூட முடித்திருக்க மாட்டான். அதற்குள் கைமாற்றிவிட்டார்களா! சரி, லில்லார்டும் போயாச்சு. அந்த இடம் திரும்பி வருமா?

கதிர்: வராது.

பாஸ்கர்: ஆளும் இல்லை, பையனும் இல்லை, 2030 வரைக்கும் மாசாமாசம் பணம் மட்டும் போகும். அப்போ ஈஎம்ஐ லில்லார்டுக்கு இல்லையப்பா, மில்வாக்கிக்குத்தான்.

இதற்குக் கதிரே சிரித்துவிட்டான்.

பாஸ்கர்: நம்மூர்க் கணக்கு நல்ல கணக்கு. என்னோடு படித்த ஒருவன், நேரு ஸ்டேடியத்தில் ஆடினவன். இந்தியன் பேங்க், ஐஓபி எல்லாம் டீம் வைத்திருக்கிறார்களே, அப்படி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு பேங்கில் சேர்ந்தான். முட்டி போனது. மறுநாளிலிருந்து கவுன்டர். இன்றைக்கும் பாஸ்புக் என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கிறான். யாரும் அவனை ஸ்ட்ரெச் பண்ணவில்லை, வயிறுதான் தானாக ஸ்ட்ரெச் ஆகியிருக்கிறது.

கதிர்: அப்படி வைத்துக்கொண்டே இருந்தால் கப் ஜெயிக்க முடியாது அண்ணா.

பாஸ்கர்: கடைசியாக எப்போது ஜெயித்தீர்கள்?

கதிர்: 2021.

பாஸ்கர்: லில்லார்டை வாங்குவதற்கு முன்னால்.

கதிர்: ஆமாம்.

பாஸ்கர்: சரி, அதை விடு. உன் ப்ராஜெக்ட்டில் ஒரு இடம் காலி என்று என் பெயரை அனுப்பியிருந்தார்களே, என்ன ஆயிற்று?

கதிர் டீயில் ஆடை கட்டியிருக்கிறதா என்று உற்றுப் பார்த்தான். பேப்பர் கப்பில் ஒன்றும் மிச்சமில்லை.

கதிர்: அது வந்து, பட்ஜெட் அண்ணா. உங்களுடைய சம்பளத்துக்கு ஃப்ரெஷர் மூன்று பேர் கிடைப்பார்கள் என்று மேலே…

பாஸ்கர்: உச்சவரம்பு.

கதிர்: ஆமாம் அண்ணா.

பாஸ்கர்: அந்த மூன்று பேரில் ஆறடி பதினோரு அங்குலம் யாராவது உண்டா?

கதிர் ஜிபே பண்ணப் போனை எடுத்தான்.

பாஸ்கர்: எனக்கும் சேர்த்தே கொடு. இரண்டு பட்டர் பிஸ்கட்டும் போட்டுக்கொள். ஐந்து வருஷத்துக்குப் பிரித்துக் கொடுத்தாலும் கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.