பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பி செட் வாங்காதீர்கள்

தீபாவளி ஆஃபர் ஆரம்பித்துவிட்டது. ‘ஹோம் தியேட்டர் வாங்கலாம் என்றிருக்கிறோம், எது நல்லது?’ என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை வாட்? அங்கிருந்து ஆரம்பிப்பதால்தான் இத்தனை பேர் பணத்தைக் கொட்டி வாங்கிவிட்டு அப்புறம் வருத்தப்படுகிறார்கள். இதில் எனக்குக் கோபமே உண்டு. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அது போனஸ் பணம், சீட்டு எடுத்த பணம், இல்லையென்றால் மாதாமாதம் கட்டப்போகும் இஎம்ஐ.

அட்டைப்பெட்டியின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் ‘5000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று இருக்கும். ஒரு கணம் எட்டும் உச்ச சக்தி என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். அதே செட்டைத் திருப்பி, பின்பக்கம் மின்சார வயர் நுழையும் இடத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் படியுங்கள். 230 வோல்ட், 60 வாட் என்கிற மாதிரி ஏதாவது போட்டிருக்கும். சுவரிலிருந்து 60 வாட் வாங்குகிற பொருள் 5000 வாட் எங்கிருந்து தரும்? நம் வீட்டுச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் 1400 வாட்கூட முழுதாக இழுக்க முடியாது. தண்ணீர் காயவைக்கும் கீசரே 2000 வாட்தான். கெபாசிட்டரில் சேர்ந்திருக்கும் மின்சாரம் கண் இமைக்கும் நேரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும், அதுகூட இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வராது. பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. போடுகிறவர் கையில் இருக்கிறது எண். அமெரிக்காவில் 1974-லேயே வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. ஆம்ப்ளிஃபயர் தொடர்ந்து எவ்வளவு கொடுக்குமோ அதைச் சொல்லித்தான் விளம்பரம் செய்ய வேண்டும் என்றது. ஐம்பது வருஷம் ஆகியும் நம் கடைகளில் இந்த எண்தான் பொருளை விற்கிறது.

உண்மையான ஆர்.எம்.எஸ். வாட்டை, அதாவது தொடர்ந்து கொடுக்கும் வாட்டை, போட்டிருந்தாலும் அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். ஓரளவு நல்ல ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86, 87 டெசிபல் சத்தம் தரும், அதுவே நல்ல உரத்த சத்தம். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கும்போது நம் வீட்டில் ஓடுவது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் கீழே. அந்த முதல் வாட் எப்படி ஒலிக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தஞ்சாவூரில் என் சித்தப்பா ரிட்டயர் ஆன கையோடு ஒரு 5.1 செட் வாங்கினார், ஐந்து சின்ன ஸ்பீக்கரும் அடித்தொனிக்கென்று தனியாக ஒரு சப்வூஃபரும். ஒரு மாதம் போனதும் போன் வந்தது. “தம்பி, மியூசிக் வீட்டை இடிக்குது, பேசுறது மட்டும் காதுல விழ மாட்டேங்குது.” போய்ப் பார்த்தேன். பத்துக்குப் பதினாலு அடி ஹால். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது, வேறு இடமும் இல்லை. பின்னால் வைக்க வேண்டிய இரண்டு சரவுண்ட் ஸ்பீக்கரும் டிவிக்குப் பக்கத்திலேயே ஷோகேஸ் மேல் உட்கார்ந்திருந்தன. தரையில் வயர் போனால் பெருக்கும்போது மாட்டுகிறது என்று சித்தி சொல்லிவிட்டார், அது நியாயம்தான். சப்வூஃபர் மூலையில். ஆக, ஐந்து ஸ்பீக்கரும் ஒரே சுவரில் வரிசையாக இருந்தன.

ஒரு சின்ன ஸ்பீக்கரின் துணி மூடியைக் கழற்றிக் காட்டினேன். மெல்லிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூன்று அங்குலப் பேப்பர் கோன், அவ்வளவுதான் உள்ளே. விரலால் தட்டினால் டப்பா மாதிரி ஒலித்தது. ஆண் குரலுக்குக் கனம் கொடுப்பது 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் தாழ்ந்த ஒலி. இந்த அளவு ஸ்பீக்கரால் அங்கே இறங்க முடியாது. குரலின் அடிப்பகுதி மூலையில் இருக்கும் சப்வூஃபருக்குப் போய்விடுகிறது, மேல்பகுதி மட்டும் மெலிந்து டிவிப் பக்கத்திலிருந்து வருகிறது. போதாக்குறைக்கு மூலையில் வைத்த சப்வூஃபரின் சத்தத்தை இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து ஊதிவிடும். பேச்சு எப்படிப் புரியும்?

அடுத்த முறை போனபோது என் வீட்டிலிருந்து அலமாரியில் வைக்கிற அளவில் இரண்டே இரண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரும் ஒரு சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் காரில் எடுத்துப் போனேன். டிவிக்கு இரண்டு பக்கமும் காது உயரத்தில் வைத்து, கொஞ்சம் உள்பக்கம் திருப்பிவிட்டேன். சித்தப்பா எழுந்து போய் டிவிக்கு அடியில் குனிந்து பார்த்தார். “நடுவுல ஸ்பீக்கரே இல்லையேப்பா, பேச்சு நடுவுலேர்ந்து வருதே!” இரண்டு காதுக்கும் ஒரே ஒலி ஒரே நேரத்தில் வந்தால் மூளை அதை நடுவில்தான் வைக்கும். ஸ்டீரியோ என்பதே அதுதானே. பழைய செட்டைத் திருப்பித் தரக் கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன எக்ஸ்சேஞ்ச் விலையை இங்கே எழுத மனசு வரவில்லை.

கடையில் கேட்டுத்தானே வாங்குகிறோம் என்பீர்கள். கடையில் எப்போதும் சத்தமாகத்தான் போட்டுக் காட்டுவார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. சத்தம் குறையக் குறைய நம் காது முதலில் இழப்பது பேஸ், அதாவது அடித்தொனி. 1933-லேயே பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து எழுதிவிட்டார்கள். கடையில் நெஞ்சில் அதிர்ந்தது வீட்டில் மெதுவாக வைத்ததும் சப்பென்று இருக்கும். பேஸைக் கூட்டுவோம், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இரண்டு செட்டை ஒப்பிடும்போதும் கொஞ்சம் சத்தமாக ஓடுவதுதான் நல்லதாகத் தோன்றும், விற்கிறவருக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே கடையில் உங்கள் வீட்டு அளவுக்குச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடச் சொல்லுங்கள். அவர்கள் வைத்திருக்கும் டெமோ வீடியோ வேண்டாம்.

பத்துப் பதினைந்து வருஷம் முன்பு வீட்டுக்கு வீடு வந்த டிவிடி ஹோம் தியேட்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ரேடியோ எல்லாம் ஒரே பெட்டிக்குள். டிவிடியைப் படிக்கும் லென்ஸ் போனால் அதுவும் கிடைக்காது, போர்டும் கிடைக்காது. சரி, நல்ல நிலையில் இருக்கும் ஐந்து ஸ்பீக்கரையாவது வேறு ஆம்ப்ளிஃபயரில் போடலாம் என்றால், நிறைய செட்டுகளில் அந்தக் கம்பெனிக்கே உரிய பிளக், 3 ஓம் ஸ்பீக்கர். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை கூடும், சாதாரண ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. பரணில் தூங்கும் அந்தப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. தனி ஸ்பீக்கர், தனி ஆம்ப்ளிஃபயர் என்று வாங்கியவர்கள் ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்றைக்கு அந்த இடத்துக்கு, டிவிக்கு அடியில் வைக்கும் நீளமான சவுண்ட்பார் வந்திருக்கிறது. டிவியின் சொந்த ஸ்பீக்கரைவிடப் பரவாயில்லை, வயர் தொல்லை குறைவு, மறுக்கவில்லை. ஆனால் தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிற மாதிரி செய்யும் ‘அட்மாஸ்’ என்ற ஒரு சொல்லுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் முன் அண்ணாந்து உங்கள் கூரையைப் பாருங்கள். மேல்நோக்கி ஒலி எழுப்பும் ஸ்பீக்கர்கள் கூரையில் பட்டுத் திரும்பும் ஒலியை நம்பியே வேலை செய்கின்றன. தட்டையான, கெட்டியான கூரை வேண்டும். சாய்வான ஓட்டுக்கூரை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பழைய வீடுகளின் ரொம்ப உயரமான கூரை என்றால் அந்தப் பணம் வீண். பல மலிவு மாடல்களில் மேல்நோக்கும் ஸ்பீக்கரே இருக்காது, பெட்டியில் பெயர் மட்டும் இருக்கும். டிவியில் ஏ.ஆர்.சி. என்று போட்ட, டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் ஹெச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்டிகல் வயரில் அட்மாஸ் வராது.

தங்க முலாம் பூசிய ஆயிரக்கணக்கான ரூபாய் ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. வேண்டாம். அந்தக் காசுக்கு ஜன்னலுக்கு ஒரு கனமான திரைச்சீலையும் தரைக்கு ஒரு ஜமுக்காளமும் வாங்குங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள ஹாலில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று ஒரு எதிரொலி இழுக்கும். லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வைத்தாலும் அந்த இழுப்பும் கூடவே கேட்கும்.

எண்பதுகளில் ஊர்ப்பக்கம் டேப்ரிக்கார்டர் ஸ்பீக்கரை மண்பானை வாயில் உட்காரவைத்துப் பாட்டுக் கேட்டவர்கள் உண்டு. கோனின் பின்பக்கம் வரும் ஒலி முன்பக்க ஒலியோடு கலந்தால் பேஸ் அடிபட்டுப் போகும், பானை அதைத் தடுத்தது. ஸ்பீக்கருக்கு வீடு முக்கியம் என்பதை காசில்லாத இளைஞர்கள் காதாலேயே கண்டுபிடித்திருந்தார்கள். மூன்று அங்குலக் கோனைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு விற்கிறவர்களுக்கும் இது தெரியும், தெரிந்தும் செய்கிறார்கள்.

பழைய பெரிய ஸ்பீக்கர் மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், நானும் அதைத்தான் சொல்வேன். கோனைச் சுற்றியுள்ள விளிம்பை மட்டும் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் சில வருஷங்களில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பரோ துணியோ என்றால் நீண்ட நாள் உழைக்கும்.

கடைசியாக ஒன்று, இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். சூட்கேஸ் வடிவ ரெக்கார்ட் பிளேயர்கள். பார்க்க அழகு, விலையும் கம்மி, கல்யாணப் பரிசாகக்கூடக் கொடுக்கிறார்கள். ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதிதான் கார்ட்ரிட்ஜ், அவற்றில் பெரும்பாலும் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். ஊசி இசைத்தட்டின்மேல் 5 கிராம் அளவுக்கோ அதற்கு மேலோ அழுத்தும். நல்ல மேக்னடிக் கார்ட்ரிட்ஜ் 2 கிராமுக்குப் பக்கத்தில்தான் அழுத்தும். மற்ற எல்லாவற்றிலும் போவது பணம், இதில் போவது தட்டு. அப்பா தேடித்தேடி வாங்கிய எச்.எம்.வி., இன்ரெகோ, எக்கோ ரெக்கார்டுகள் உங்கள் வீட்டில் இருந்தால், பாட்டு பதிந்திருக்கும் பள்ளம் தேய்ந்தால் மறுபடி வராது. ஊசி அழுத்தும் எடையைச் சரிசெய்ய முடிகிற டர்ன்டேபிள் ஒன்றுக்குப் பணம் சேரும் வரை அவற்றை உறைக்குள் நெட்டுக்குத்தாக நிற்கவைத்துப் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லையென்றால் கொண்டுவாருங்கள் என்று சொல்லும் கடைக்காரர் உங்கள் ஊரில் இருந்தால், ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கத்து நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.