அந்தச் சிவப்பின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்

போன வாரம் ஒரு நண்பர் படம் அனுப்பியிருந்தார். ஏலத்தில் எடுத்த கேர்னார்வன் நாற்காலி. "சிவப்பு வெளுத்துப்போச்சு. புதுசா பெயின்ட் அடிச்சு, சீட்டை வெல்வெட்டா மாத்தப் போறேன்" என்றார். வேண்டாம் என்று போனிலேயே கெஞ்சினேன். இங்கேயும் கெஞ்சுகிறேன்.

1969 ஜூலை 1, வடக்கு வேல்ஸில் உள்ள கேர்னார்வன் கோட்டையில், இன்றைய பிரிட்டிஷ் மன்னர் சார்லஸுக்கு வேல்ஸ் இளவரசராக முடிசூட்டு விழா. வந்தவர்கள் உட்காருவதற்காகச் செய்தவைதான் இந்த நாற்காலிகள், நாலாயிரத்துக்கும் மேல். இளவரசி மார்கரெட்டின் கணவர் ஸ்னோடன் பிரபுவும் கார்ல் டாம்ஸ், ஜான் பவுண்ட் என்ற இருவரும் சேர்ந்து வடிவமைத்தார்கள். சிவப்புச் சாயம் ஏற்றிய பிளைவுட், முதுகில் தங்க நிறத்தில் வேல்ஸ் இளவரசரின் சின்னமான மூன்று இறகு, சீட்டில் வேல்ஸிலேயே நெய்த ட்வீட் என்ற கம்பளித் துணி. விழா முடிந்ததும் 12 பவுண்டுக்கு விருந்தினர்களுக்கே விற்றார்கள். அப்படி வீடுகளுக்குப் போனவைதான் இப்போது ஏலத்துக்கு வருகின்றன.

ஏல விளம்பரங்களில் ஸ்னோடன் பெயர் இருக்கும், இளவரசர் பெயர் இருக்கும். செய்த கைகளைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. எனக்கு ஆறாத குறை இது. செய்தது ரெம்ப்ளாய். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுக்க அரசு தொடங்கிய நிறுவனம். முதல் ஆலை 1946இல் தெற்கு வேல்ஸின் பிரிட்ஜெண்டில் திறந்தது. சுரங்கத்தில் அடிபட்டவர்களும் அங்கே வேலை பார்த்தார்கள். 2013க்குள் அந்த ஆலைகள் எல்லாமே மூடப்பட்டோ விற்கப்பட்டோ போய்விட்டன. அவர்கள் ஏற்றிய சாயம் மட்டும் இந்த மரத்தில் மிச்சமிருக்கிறது. அதைத்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்கிறோம்.

என்னிடம் இருப்பதைக் கவிழ்த்துப் பார்த்தேன். வெயில் படாத அடிப்பக்கத்தில் சிவப்பு அன்றைக்கு ஏற்றியது போலவே இருக்கிறது. சீட்டின் முன் விளிம்பில், கால்கள் உரசி உரசி, மரம் வெளியே தெரிகிறது. ஐம்பது வருஷம் யாரோ உட்கார்ந்த தடம். அதை ஏன் மறைக்க வேண்டும்?

பக்கத்து வீட்டு வேல்ஸ்காரப் பாட்டி இதில் உட்கார மாட்டார். 1282இல் வேல்ஸின் சொந்த இளவரசர் லிவெலின், இங்கிலாந்துப் படையோடு நடந்த போரில் கொல்லப்பட்டார். அடுத்த வருஷமே இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் கட்டத் தொடங்கிய கோட்டை அது. அங்கே இன்னொரு இளவரசருக்கு முடிசூட்டியதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. அவர் கோபம் நியாயமானது. ஆனால் ரெம்ப்ளாய் என்று சொன்னதும் குனிந்து, அந்தத் துணியை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

காய்ந்த துணியால் துடையுங்கள். ஜன்னல் வெயிலில் போடாதீர்கள். ட்வீட் கிழிந்திருந்தால் அதே நிற நூலில் இழை ஓட்டுங்கள். கை வராதவர்கள் சொல்லுங்கள், ஊசி நூலோடு நானே வருகிறேன்.