காணாமற்போனது ஒன்று, குற்றம் சாட்டப்படுவது வேறொன்று

என் மடிக்கணினியில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கட்டப்பட்ட அதே மூலநிரல், அலுவலகத்தின் பழைய சர்வரில் "ஏசி_எம்எஸ்ஜி_எரர் என்ற மேக்ரோ வரையறுக்கப்படவில்லை போலும்" என்று சொல்லி நின்றுவிட்டது. மேக்ரோ என்பது நீண்ட நிரல் துண்டாக விரியும் சுருக்கப் பெயர்; ஏசி_எம்எஸ்ஜி_எரர் என்பதோ, மென்பொருளைக் கட்டுமுன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃபின் சொந்த மேக்ரோ. பெற்ற பிள்ளையைப் பார்த்தே "நீ யார்?" என்று கேட்கும் ஒரு கருவியோடு என்ன பேசுவது? ஆட்டோகான்ஃபை அழித்து மீண்டும் நிறுவினேன், பதிப்பை மாற்றிப் பார்த்தேன், அன்றைய மாலை முழுவதும் இப்படியே வீணாயிற்று.

உண்மையில் காணாமற்போனது, தேவையான நூலகங்கள் கணினியில் உள்ளனவா என்று பார்க்கும் பிகேஜி_செக்_மாட்யூல்ஸ் என்ற வேறொரு மேக்ரோ. அது ஆட்டோகான்ஃபில் இல்லை, பிகேஜி.எம்4 என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பு டெபியன் லினக்ஸில் பிகேஜிகான்ஃப் தொகுப்போடு வரும், ஃபெடோரா லினக்ஸிலோ பிகேஜிகான்ஃப்-எம்4 என்ற தனித் தொகுப்பாக வரும். இத்தனைக்கும் அடித்தளமாக இருக்கும், மேக்ரோக்களை விரிக்கும் எம்4 மொழி 1977இல் பிறந்தது. தனக்குத் தெரிந்த பெயரை விரிப்பதும், தெரியாத பெயரை வெறும் எழுத்தாகக் கருதி அப்படியே விட்டுவிடுவதும் அதன் இயல்பு. ஆகவே பிகேஜி_செக்_மாட்யூல்ஸ் விரியாமல் கிடக்க, அதன் சதுர அடைப்புக்குறிக்குள் இருந்த ஏசி_எம்எஸ்ஜி_எரரும் விரியாமல் வெளியே வந்து விழுந்தது. ஏசி_, ஏஎம்_ போன்ற முன்னொட்டுகள் மிச்சமிருக்கின்றனவா என்று மட்டுமே கடைசியில் சோதிக்கும் ஆட்டோகான்ஃப், கண்ணில் பட்ட அப்பாவியைப் பிடித்துக்கொண்டது. பிகேஜி_ என்ற முன்னொட்டு மிச்சமிருந்தால் கூச்சலிடச் சொல்லும் கட்டளையும் இருக்கத்தான் செய்கிறது, எங்கே தெரியுமா? அந்தக் காணாமற்போன பிகேஜி.எம்4 கோப்புக்குள்ளேயே! பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல?

அந்த அடைப்புக்குறிக்குள் ஏசி_ எதுவும் இல்லாவிட்டால் இன்னும் மோசம். பிழையே வராமல் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் உருவாகிவிடும். அதை ஓட்டும்போது எங்கோ மூவாயிரமாவது வரியில் ஷெல் "தொடரியல் பிழை" என்று விழும்.

எங்கள் சர்வரில் பிகேஜி.எம்4 இல்லாமலும் இல்லை. முன்பு யாரோ புதிய ஆட்டோமேக்கைக் கையால் கட்டி /யூஎஸ்ஆர்/லோக்கலில் நிறுவியிருந்தார். அதனோடு வந்த, மேக்ரோ கோப்புகளைத் தேடித் திரட்டும் ஏசிலோக்கல் என்ற கருவி தன் வீட்டு அடைவில் மட்டும் தேடும்; கோப்போ /யூஎஸ்ஆர்/ஷேர்/ஏசிலோக்கலில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஏசிலோக்கல்_பாத் என்ற சூழல் மாறியில் அந்தப் பாதையைக் கொடுத்ததும் ஒரே நிமிடத்தில் வேலை முடிந்தது. இதைச் சொல்லாத பிழைச் செய்தி, "இந்தப் பெயர் சரியானதுதான் என்றால் எம்4_பேட்டர்ன்_அலவ் பயன்படுத்துங்கள்" என்று அறிவுரை மட்டும் கூறுகிறது. அதைக் கேட்டு நடப்பவருக்கு நோய் தீராது, வலி மட்டும் மரத்துப்போகும்.

மென்பொருள் எழுதியவர்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகம். "பிகேஜி.எம்4இல் உள்ள பிகேஜி_ப்ராக்_பிகேஜி_கான்ஃபிக் மேக்ரோ இல்லையென்றால் இன்ன தொகுப்பை நிறுவுங்கள் என்று சொல்லி நில்" என, செய்தி சொல்லி வேலையை நிறுத்தும் எம்4_ஃபேட்டல் கொண்டு, ஆட்டோகான்ஃப் படிக்கும் கான்ஃபிகர்.ஏசி கோப்பின் தலையில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? அந்த ஒரு வரியை எழுத மனமில்லாதவர், ரீட்மீ கோப்பில் மட்டும், இந்தக் கருவிகளையெல்லாம் வரிசையாக இயக்கும் கட்டளையான "ஆட்டோரீகான்ஃப் ஓட்டினால் போதும்" என்று எவ்வளவு தாராளமாக எழுதி வைத்திருக்கிறார்!